ஃப்ளோரா தெருவில் ஓர் அரசுப் பள்ளி

டல்லாஸ் நகரின் மையத்தில் ஃப்ளோரா தெரு என்று ஒன்று இருக்கிறது. பெரிய நீளமெல்லாம் இல்லை. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பேசிக்கொண்டே நடந்துவிடலாம். ஆனால் நகரத்தின் கலைச் சொத்தில் பெரும்பகுதி அந்தத் தெருவை ஒட்டித்தான் நிற்கிறது. டல்லாஸ் கலை அருங்காட்சியகம், ரென்ஸோ பியானோ வடிவமைத்த நாஷர் சிற்ப மையம், ஐ. எம். பெய் வடிவமைத்த மேயர்சன் சிம்பொனி அரங்கு, சிவப்புக் கண்ணாடி போர்த்திய வின்ஸ்பியர் ஓப்பரா அரங்கு என்று வரிசையாக வரும். ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் கூட்டிக்கொண்டு போவது இங்கேதான்.

வந்தவர்கள் எல்லாவற்றையும் படம் பிடிப்பார்கள். கிழக்குக் கோடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கட்டடத்தை மட்டும் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். நான் நிறுத்திக் காட்டுவேன். ஒரு பக்கம் பழைய செங்கல் கட்டடம், 1922-ல் கட்டியது. அதோடு ஒட்டிக் கருமை படர்ந்த செங்கல்லில் புதிய கட்டடம், 2008-ல் திறந்தது. இரண்டும் சேர்ந்து ஒரே பள்ளிக்கூடம். டல்லாஸ் கல்வி மாவட்டம் நடத்தும் அரசுப் பள்ளி. பெயர், புக்கர் டி. வாஷிங்டன் நிகழ்த்துகலை மற்றும் காண்கலை உயர்நிலைப் பள்ளி. பாடகி நோரா ஜோன்ஸ் படித்த பள்ளி என்று சொன்னால்தான் பலர் திரும்பிப் பார்க்கிறார்கள். “ரவிசங்கர் மகளா? இங்கேயா படிச்சாங்க?” என்று ஒருமுறை என் மாமியார் ஆச்சரியப்பட்டுப் போய் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

இந்தப் பள்ளியைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன். தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்பதும் ஒரு காரணம். “ஏங்க, அங்க சேர்க்க என்ன செய்யணும்? ஃபீஸ் எவ்வளவு ஆகும்?” என்று கேட்பார்கள். கட்டணமே கிடையாது என்றால் நம்ப மாட்டார்கள். இவ்வளவு பேர் பெற்ற கலைப் பள்ளி இலவசமாக எப்படி இருக்கும் என்ற சந்தேகம் இயல்புதான். இலவசமாக இருப்பதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் சேர்க்கை விவரம் மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

முதலில், பள்ளி எப்படி இயங்குகிறது

ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை. ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகள். இசை, நடனம், நாடகம், காண்கலை என்று நான்கு பிரிவுகள். சேரும்போதே ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மதிப்பெண்ணும் பார்ப்பார்கள், அதற்கு மேல் ஆடிஷன் உண்டு. நடனம் என்றால் ஆடிக் காட்ட வேண்டும், இசை என்றால் பாடியோ வாசித்தோ காட்ட வேண்டும், ஓவியம் என்றால் இதுவரை வரைந்தவற்றைத் தொகுத்துக் கொண்டுபோக வேண்டும். டல்லாஸ் கல்வி மாவட்டத்துக்குள் குடியிருப்பவர்களுக்கே முன்னுரிமை. எங்களைப் போல இர்விங்கிலோ பிளேனோவிலோ ஃப்ரிஸ்கோவிலோ இருப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிதானித்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே போனபின் கணக்கும் அறிவியலும் ஆங்கிலமும் வரலாறும் மற்ற அரசுப் பள்ளிகளில் இருப்பதைப் போலவே உண்டு. மாநிலத் தேர்வுகள் எழுதித்தான் ஆக வேண்டும். கலைக்காகப் படிப்பில் சலுகை எதுவும் கிடையாது. அதோடுகூடக் கலைப் பாடமும் பள்ளி நேரத்துக்குள்ளேயே தீவிரமாக நடக்கும். மாலையில் பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், கால அட்டவணையைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

இப்படிப்பட்ட அரசுக் கலைப் பள்ளிகள் அமெரிக்காவில் பல ஊர்களில் இருக்கின்றன. நியூயார்க்கில் மேயர் லாகார்டியா 1936-லேயே இசைக்கும் ஓவியத்துக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார். ‘ஃபேம்’ படத்துக்குக் கரு தந்த நிகழ்த்துகலைப் பள்ளியும் அதுவும் பின்னால் இணைந்து லாகார்டியா பெயரில் ஒரே பள்ளியாகின. ஹூஸ்டனில் 1971, நியூ ஆர்லியன்ஸில் 1973, வாஷிங்டனில் 1974 என்று அடுத்தடுத்து வந்தன. டல்லாஸ் பள்ளி கலைப் பள்ளியானது 1976-ல். எழுபதுகளில் மட்டும் ஏன் இத்தனை? அமெரிக்கா முழுக்கத் திடீரென்று கலை ஆர்வம் பெருக்கெடுத்ததா? டல்லாஸைப் பொறுத்தவரை விடை நீதிமன்றத்தில் இருக்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு கருப்பினப் பள்ளி

இந்தப் பள்ளியின் வேர் 1892-ல் தொடங்கிய கருப்பினப் பிள்ளைகளுக்கான உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கருப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி என்பது அன்று டெக்சஸில் சட்டமாகவே இருந்தது. 1922-ல் இந்தச் செங்கல் கட்டடம் எழும்பியபோது, அடிமையாகப் பிறந்து கல்வியாளராக உயர்ந்த புக்கர் டி. வாஷிங்டனின் பெயரைச் சூட்டினார்கள். அதற்குப் பிறகும் 1939-ல் லிங்கன் உயர்நிலைப் பள்ளி திறக்கும்வரை, டல்லாஸ் நகரத்தின் கருப்பினப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் உயர்நிலைப் பள்ளி இது ஒன்றுதான். நகரத்தின் எந்த மூலையில் வீடு இருந்தாலும் இங்கேதான் வந்தாக வேண்டும். வகுப்புகள் நிரம்பி வழிந்தன.

அந்த நெரிசலிலும் கலை இருந்தது என்பதுதான் என்னை இந்தப் பள்ளியின் வரலாற்றுக்குள் இழுத்தது. 1920-களில் இங்கே இசை ஆசிரியராக இருந்தவர் போர்ஷியா வாஷிங்டன் பிட்மன். புக்கர் டி. வாஷிங்டனின் சொந்த மகள். பெர்லினுக்குப் போய், பியானோ மேதை லிஸ்ட்டின் மாணவரான மார்ட்டின் கிராவுஸிடம் பியானோ பயின்றவர். அப்பாவின் பெயர் தாங்கிய பள்ளியில், சட்டம் ஒதுக்கிவைத்த பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்தார். அருங்காட்சியகம் இந்தத் தெருப்பக்கம் வந்தது 1984-ல், மேயர்சன் அரங்கு 1989-ல், வின்ஸ்பியர் 2009-ல். அவை எல்லாம் வருவதற்கு முன்பே இந்தத் தெருவில் பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பள்ளியைச் சுற்றி அன்று ஒரு முழுக் கருப்பினக் குடியிருப்பு இருந்தது. வீடுகள், கடைகள், தேவாலயம் என்று நிறைவான வாழ்க்கை. பிறகு நெடுஞ்சாலைகள் வந்தன. 1940-களில் சென்ட்ரல் எக்ஸ்பிரஸ்வே, பிறகு வுடால் ராஜர்ஸ் சாலை. வீடுகள் போயின, மக்களும் போனார்கள். இன்று அந்தக் குடியிருப்பின் சாட்சிகளாக மிஞ்சியவை மிகச் சில. பள்ளிக் கட்டடம் ஒன்று. பக்கத்தில் ரௌத் தெருவில் 1873-ல் உருவான செயின்ட் பால் மெத்தடிஸ்ட் சபையின் தேவாலயம். இன்னும் கொஞ்சம் தள்ளி, 1930-ல் கருப்பினத்தவருக்காகத் திறந்த மூர்லேண்ட் ஒய்.எம்.சி.ஏ. கட்டடம். அதில் இப்போது இருப்பது டல்லாஸ் பிளாக் டான்ஸ் தியேட்டர். ஆன் வில்லியம்ஸ் அந்த நடனக் குழுவைத் தொடங்கியதும் 1976-ல்தான்.

1976

பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-லேயே தீர்ப்பளித்துவிட்டது. டல்லாஸ் அதை இழுத்தடித்தது. 1970-ல் சாம் டாஸ்பி என்ற கருப்பினத் தந்தை, தன் பிள்ளைகளுக்காகக் கல்வி மாவட்டத்தின் மேல் வழக்குத் தொடர்ந்தார். அந்த வழக்கின் போக்கில் 1976-ல் நீதிபதி வில்லியம் டெய்லர் ஓர் உத்தரவு போட்டார். அதன் ஒரு பகுதிதான் மேக்னட் பள்ளிகள்.

கணக்கு எளிமையானது. பேருந்தில் ஏற்றிப் பிள்ளைகளைக் கட்டாயமாக வேறு பகுதிப் பள்ளிக்கு அனுப்பினால் வெள்ளைப் பெற்றோர் எதிர்த்தார்கள், புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள். அதற்குப் பதிலாக வேறு எங்கும் கிடைக்காத ஒரு படிப்பைக் கருப்பினப் பகுதியில் இருக்கும் பள்ளியில் வைத்தால், எல்லாப் பகுதிப் பிள்ளைகளும் தாங்களாகவே தேடி வருவார்கள். ஒரு பள்ளிக்குச் சுகாதாரப் படிப்பு, இன்னொன்றுக்கு வணிகம். 1960-களின் இறுதியில் மூடப்பட்ட புக்கர் டி. வாஷிங்டன் பள்ளிக்குக் கலை.

வந்தார்கள். நகரத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். அப்பா அம்மா ஒருபோதும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்க முடியாத பிள்ளைகள், ஒரே மேடையில் ஒத்திகை பார்த்தார்கள். ஒத்திகையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பக்கத்தில் நிற்பவரின் மூச்சைக் கவனிக்காமல் கூட்டிசை பாட முடியாது. தன்னைத் தூக்கிப் பிடிப்பவரை நம்பாமல் நடனத்தில் தாவ முடியாது. சேர்ந்து வாழச் சொல்லிப் போட்ட நீதிமன்ற உத்தரவுக்குக் கலையைவிடப் பொருத்தமான கருவி கிடைத்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். 1922-லிருந்து இது ‘நம்ம பள்ளி’ என்று ஒரு சமூகம் உரிமையோடு சொன்ன இடம். ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் அந்தச் சமூகத்தவராகவே இருந்தார்கள். சிகாகோ கப்ஸ் அணியின் பேஸ்பால் நாயகன் எர்னி பேங்க்ஸ் படித்தது இங்கேதான். அந்தப் பள்ளி மூடி, மறுபடி திறந்தபோது, அதே சமூகத்தின் பிள்ளைக்குத் தானாக இடம் கிடைக்கும் நிலை போய்விட்டது. திறமையை நிரூபித்துத்தான் உள்ளே வர வேண்டும் என்றானது. பிரிவினையை உடைக்கத் திறந்த கதவுக்கு முன்னால் ஒரு புதிய காவல் வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உள்ளே என்ன கிடைக்கிறது

என் அண்ணன் குடும்பம் டல்லாஸ் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. அண்ணன் மகள் இந்தப் பள்ளியில் காண்கலை படிக்கிறாள். அவள் ஆடிஷனுக்குத் தயாரானபோது நான் அடிக்கடி அங்கே போய்க்கொண்டிருந்தேன். கோப்பில் அவள் அடுக்கிய படங்கள் இன்னும் கண்ணில் இருக்கின்றன. இடது கையைத் திருப்பித் திருப்பி வைத்து வரைந்தவை பல. அண்ணியின் பிரஷர் குக்கர் ஒன்று, கைப்பிடியின் கருகல் உட்பட. துவைத்துக் குவித்த துணி ஒன்று. அந்தத் துணிக் குவியலை அவள் எத்தனை முறை அழித்து வரைந்தாள் என்பது தாள் மேல் இருந்த சுரண்டலில் தெரிந்தது. அண்ணனுக்கு ஒரே குழப்பம். “பூ, மயில், சூரிய உதயம் எதையாவது போடக் கூடாதா? குக்கரைக் கொண்டுபோய் யார்கிட்ட காட்டுவா?” என்று என்னிடம் கேட்டார். அவள் கேட்கவில்லை. குக்கரைத்தான் கொண்டுபோனாள்.

இடம் கிடைத்துச் சேர்ந்த பிறகு அவள் பேச்சே மாறிவிட்டது. வகுப்பில் எல்லோருடைய படத்தையும் சுவரில் மாட்டிவிட்டு ஒவ்வொன்றாகப் பேசுவார்களாம். “அத்தை, ‘சூப்பரா இருக்கு’ன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. கண்ணு முதல்ல எங்க போகுது, எங்க நிக்குது, எங்க நிக்காம வழுக்கிட்டுப் போகுதுன்னு சொல்லணும்” என்றாள். இன்னொரு நாள், தன் படத்தை ஒருவன் குறை சொன்னதை எந்தக் கோபமும் இல்லாமல் சொல்லிவிட்டு, “அவன் சொன்னது சரிதான், நிழல் எல்லாம் ஒரே பக்கம் விழல” என்று முடித்துக்கொண்டாள்.

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய சொத்து! தன் வேலையைத் தன்னிடமிருந்து தள்ளிவைத்துப் பார்க்கத் தெரிகிறது. அடுத்தவர் வேலையைப் பொறாமையில்லாமல் உற்றுப் பார்க்கத் தெரிகிறது. சரியில்லை என்றால் அழித்துவிட்டுத் திரும்பச் செய்ய அலுப்பு வருவதில்லை. நம் வீடுகளில் வழக்கமாக வரும் கேள்வி, “கலை படிச்சா சோறு போடுமா?” நியாயமான கேள்விதான், பிள்ளையின் நாளைய வாழ்வை நினைக்கும் யாரும் கேட்பார்கள். இந்தப் பள்ளியில் படித்த எல்லோரும் கலைஞராவதில்லை. மற்ற துறைகளுக்குப் போகிறவர்களும் உண்டு. எங்கே போனாலும் இந்தப் பழக்கம் கூடவே போகும். சோறு போடும் எந்த வேலைக்கும் இது வேண்டும்.

பேர் பெற்றவர்களும் வந்திருக்கிறார்கள். பாடகிகள் எரிகா பாடு, ஈடி பிரிக்கெல், நோரா ஜோன்ஸ் என்று பட்டியல் நீளும். நோரா ஜோன்ஸின் முதல் இசைத்தொகுப்புக்காக 2003 கிராமி விழாவில் அவர் கையில் மட்டும் ஐந்து விருதுகள். ஆனால் இந்தப் பட்டியலில் நான் திரும்பத் திரும்பப் போவது ஒருவரிடம்தான்.

ராய் ஹார்க்ரோவ்

1969-ல் டெக்சஸின் வேகோ ஊரில் பிறந்து டல்லாஸில் வளர்ந்தவர். டிரம்பெட் கலைஞர். ஜாஸ் கேட்பவர்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. இரண்டு கிராமி விருதுகள் வாங்கியவர், 2018-ல் நாற்பத்தொன்பது வயதில் போய்விட்டார்.

அவர் கதையில் எல்லோரும் சொல்லும் கட்டம் 1987. ஜாஸ் டிரம்பெட்டில் அன்று உச்சத்தில் இருந்த விண்டன் மார்சலிஸ், புக்கர் டி. வாஷிங்டன் பள்ளிக்கு வந்தார். மாணவர்கள் வாசிப்பதைக் கேட்டார். அதில் ஒரு பையன் வாசித்ததைக் கேட்டு அசந்துபோனார். பக்கத்து ஊரான ஃபோர்ட் வொர்த்தில் தன் கச்சேரியில் வந்து வாசிக்கச் சொன்னார். பள்ளி மாணவன் மேடையேறினான். அங்கிருந்து பாஸ்டன், பிறகு நியூயார்க், பிறகு உலகம்.

சினிமாபோல இருக்கிறது, இல்லையா? அப்படியே நிறுத்திவிட்டால் ‘மேதையை மேதை கண்டுகொண்டது’ என்று ஆகிவிடும். எனக்கு இதன் முன்னும் பின்னும்தான் முக்கியம்.

விண்டன் மார்சலிஸ் யார்? நியூ ஆர்லியன்ஸில் 1973-ல் தொடங்கிய, நான் மேலே சொன்ன அந்த அரசுக் கலைப் பள்ளியின் மாணவர். அங்கே ஜாஸ் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அப்பா எல்லிஸ் மார்சலிஸ். அண்ணன் பிரான்ஃபோர்டும், இசைக் கலைஞர்கள் டெரன்ஸ் பிளான்சர்டும், ஹாரி கானிக் ஜூனியரும் அதே பள்ளியில் பயின்றவர்கள். ஓர் அரசுப் பள்ளியில் வளர்ந்தவர் இன்னோர் அரசுப் பள்ளிக்குள் நுழைந்து அங்கே இருப்பவனைத் தேடுகிறார். தனக்குக் கிடைத்ததை அடுத்தவனுக்குக் கொடுக்கிறார்.

இன்னும் பின்னால் போகலாம். ஹார்க்ரோவ் புக்கர் டி. பள்ளிக்கு வருவதற்கு முன்பு, ஒரு சாதாரண நடுநிலைப் பள்ளியில் படித்தார். அந்தப் பள்ளியில் பேண்ட் இருந்தது. சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இருந்தார். ஒரு நாள் அந்தப் பள்ளிக்கு ஒரு சாக்ஸபோன் கலைஞர் வந்து வாசித்தார். ரே சார்ல்ஸின் குழுவில் வாசித்த டேவிட் ‘ஃபாட்ஹெட்’ நியூமன். தன்னை ஆழமாகப் பாதித்தவற்றில் ஒன்றாக அந்த நாளை ஹார்க்ரோவ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

நியூமன் எங்கே படித்தவர்? டல்லாஸ் லிங்கன் உயர்நிலைப் பள்ளியில். 1939-ல் கருப்பினப் பிள்ளைகளுக்காகத் திறந்த அதே லிங்கன். அங்கே ஜே. கே. மில்லர் என்ற இசை ஆசிரியரிடம் வளர்ந்தவர்.

இப்போது கோத்துப் பாருங்கள். பிரிவினைக் காலத்துப் பள்ளி ஒன்றில் ஓர் இசை ஆசிரியர். அவரிடம் பயின்றவர் கலைஞராகி ஒரு நடுநிலைப் பள்ளிக்கு வந்து வாசிக்கிறார். அங்கே கேட்டுக்கொண்டிருந்த சிறுவன் கலைப் பள்ளிக்குப் போகிறான். இன்னொரு ஊர்க் கலைப் பள்ளியின் மாணவர் அவனைக் கேட்கிறார். இந்தச் சங்கிலியில் புக்கர் டி. வாஷிங்டன் பள்ளி ஒரு கண்ணி. மிக முக்கியமான கண்ணிதான். ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் கண்ணி, பெயர் தெரியாத ஒரு சாதாரணப் பள்ளியின் பேண்ட் அறை. அந்த அறை பூட்டிக் கிடந்திருந்தால், விண்டன் மார்சலிஸ் 1987-ல் டல்லாஸுக்கு வந்து வேறு யாரையோ கேட்டுவிட்டுப் போயிருப்பார்.

ஆடிஷன் என்னும் கதவு

இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இதுதான். கலைப் பள்ளியின் கதவு ஆடிஷன் அறையில் இருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் இருக்கிறது.

ஆடிஷன் என்பது பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரு பிள்ளை என்ன செய்து காட்டுகிறது என்று பார்ப்பது. வயலினை அந்த வயதில் தேர்ச்சியோடு வாசிக்க ஐந்து, ஆறு வயதிலேயே கையில் எடுத்திருந்தால் நல்லது. பாலேயும் அப்படித்தான். அதுவரை சொல்லிக்கொடுத்தது யார்? பள்ளியில் இல்லையென்றால் பணம் கட்டி வெளியே கற்றிருக்க வேண்டும். ஆக, ஆடிஷனில் திறமை தெரிகிறது, உழைப்பு தெரிகிறது. கூடவே அப்பா அம்மாவின் வருமானமும் சத்தமில்லாமல் தெரிகிறது.

டல்லாஸ் கல்வி மாவட்டத்தில் படிக்கும் பிள்ளைகளில் பத்தில் ஏழு பேர் ஹிஸ்பானிக். வெள்ளைப் பிள்ளைகள் இருபதில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். புக்கர் டி.-யில் மட்டும் வெள்ளைப் பிள்ளைகளின் பங்கு இதைவிடப் பல மடங்கு. நியூயார்க்கின் லாகார்டியா பள்ளியிலும் இதைப் பற்றிய வாதம் நீண்டகாலமாக நடக்கிறது. எல்லோரும் கலந்து படிக்க வேண்டும் என்பதற்காகப் பிறந்த பள்ளியில், கலப்பு அமைந்தது. சமநிலை இன்னும் அமையவில்லை. டாஸ்பி வழக்கில் நீதிமன்றக் கண்காணிப்பு 2003-ல் முடிந்தது. அதற்குப் பிறகு இதைக் கவனிப்பது நீதிபதியின் பொறுப்பு இல்லை, நம் எல்லோருடைய பொறுப்பு.

அண்ணன் மகளுக்கு நடுநிலைப் பள்ளியில் ஒரு தோழி இருந்தாள். ஹோண்டுராஸிலிருந்து வந்த குடும்பம். அப்பாவுக்கு வீடுகளுக்குக் கூரை போடும் வேலை. அந்தப் பெண் நோட்டுப் புத்தக ஓரங்களில் பால்பாயின்ட் பேனாவால் வரைவாள். பேருந்தில் தூங்கிக்கொண்டிருக்கும் ஆட்களை வரைவாள். நான் பார்த்திருக்கிறேன்; கழுத்து சாய்ந்த கோணத்திலேயே அந்த ஆள் எவ்வளவு களைத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். என் அண்ணன் மகளுக்குச் சனிக்கிழமை தோறும் பணம் கட்டிய ஓவிய வகுப்பு இருந்தது. அந்தப் பெண்ணுக்குப் பேனா மட்டும்தான் இருந்தது. புக்கர் டி. என்று ஒரு பள்ளி இருப்பதே அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்த நடுநிலைப் பள்ளியின் ஓவிய ஆசிரியை இரண்டு பேரையும் கூப்பிட்டார். பள்ளி விட்ட பிறகு உட்காரவைத்தார். கரிக்கோலும் பெரிய தாளும் கொடுத்தார். பேனாவில் வரைந்து பழகிய கைக்குக் கரியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். விண்ணப்பம் எப்படிப் போடுவது, எந்தத் தேதிக்குள் போடுவது, அன்று எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அவள் அம்மாவிடம் உடைந்த ஸ்பானிஷில் ஃபோனில் சொன்னார். இரண்டு பெண்களுக்கும் இடம் கிடைத்தது.

அந்தப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு எப்படியும் இடம் கிடைத்திருக்கும். சனிக்கிழமை வகுப்பு அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். அந்தத் தோழிக்குக் கிடைத்திருக்காது. அவள் எங்கள் பெண்ணைவிட நன்றாக வரைவாள். எங்கள் பெண்ணே அதைத்தான் சொல்கிறாள்.

என்ன செய்யலாம்

ஆடிஷனையே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தினமும் மணிக்கணக்கில் ஒரு கலையில் உழைக்க ஆசையும் தாங்கும் திறனும் இருக்கிறதா என்று பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பயிற்சி பெற்ற நேர்த்தியை மட்டும் பார்க்காமல், பழக்கப்படாத கையில் இருக்கும் தெளிவையும் பார்க்கத் தெரிந்த தேர்வாளர்கள் வேண்டும். அதைவிட அடிப்படையானது, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஐந்து வயதிலிருந்தே பள்ளியிலேயே இசையும் ஓவியமும் கிடைப்பது.

இது நடக்காத கனவு இல்லை. டல்லாஸிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். ‘பிக் தாட்’ என்ற அமைப்பு நகராட்சியையும் கல்வி மாவட்டத்தையும் கலை நிறுவனங்களையும் ஒன்றாக உட்காரவைத்தது. 2007-ல் வாலஸ் அறக்கட்டளையின் பெரிய நிதியும் சேர, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரந்தோறும் இசை வகுப்பும் ஓவிய வகுப்பும் கிடைக்க வழி பிறந்தது. டல்லாஸ் சிம்பொனி 1992 முதல் நடத்தும் ‘யங் ஸ்டிரிங்ஸ்’ திட்டம், கருப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகளுக்கு நரம்பிசைக் கருவிகளை இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறது. மேயர்சன் அரங்கின் மேடையில் உட்கார்ந்திருப்பவர்களே ஆசிரியர்களாக இருக்கும்போது, அந்தப் பிள்ளைக்கு ஆடிஷன் அறை அந்நியமாகத் தெரியாது.

ஆனால் இத்தகைய திட்டங்கள் நிதியை நம்பி இருப்பவை. வரவுசெலவில் துண்டு விழுந்தால் முதலில் கத்தி விழுவது இசை, ஓவிய ஆசிரியர்கள் மேல்தான். டெக்சஸில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்க ஒரு கலைப் பாடம் கட்டாயம். அது உயர்நிலைப் பள்ளியில். அதற்கு முன்னால் இருக்கும் ஒன்பது ஆண்டுகளில்தான் வித்தியாசம் முழுக்க உருவாகிவிடுகிறது.

நம்மவர்களுக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது. பிளேனோ, ஃப்ரிஸ்கோ, இர்விங், கொப்பெல் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கிறோம். பரதநாட்டியம், பாட்டு, மிருதங்கம், வயலின் என்று பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகக் கூட்டிப்போகிறோம். அரங்கேற்றத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர் செலவழிக்கிறோம். கலை பிள்ளைக்கு நல்லது என்று நமக்குத் தெரியும்; அதற்காகப் பணமும் நேரமும் கொடுக்கத் தயங்குவதில்லை. அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும். நம் பிள்ளைக்கு நல்லது என்றால், நம் பிள்ளையோடு அதே பேருந்தில் வரும் கூரை போடுபவரின் மகளுக்கும் நல்லதுதானே?

கல்வி வாரியத் தேர்தல் நாளில் பெரும்பாலோர் வாக்குச்சாவடிப் பக்கம் போவதே இல்லை. வாக்குரிமை இருப்பவர்கள் போங்கள். வேட்பாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எத்தனை தொடக்கப் பள்ளிகளில் முழுநேர இசை ஆசிரியரும் ஓவிய ஆசிரியரும் இருக்கிறார்கள்?” பதில் தெரியாவிட்டால் தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். பள்ளி வாரியக் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள். பட்ஜெட் மாதங்களில் போய்ப் பேசுங்கள். வாக்குரிமை இல்லாதவர்களும் அங்கே பேசலாம். உங்கள் வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய வயலினையோ கிளாரினெட்டையோ அருகிலிருக்கும் பள்ளி பேண்ட் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அப்புறம், ஃப்ளோரா தெருவுக்குப் போகும்போது பெரிய அரங்குகளோடு திரும்பிவிடாதீர்கள். புக்கர் டி. மாணவர்களின் நாடகங்களும் நடன நிகழ்ச்சிகளும் கச்சேரிகளும் ஆண்டு முழுக்க நடக்கின்றன. பள்ளி இணையதளத்தில் தேதி இருக்கும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு நிகழ்ச்சி முடிந்ததும், மேடையில் இருந்த பிள்ளை யாரையாவது கண்டால், “எந்த நடுநிலைப் பள்ளியில் படிச்சே, யார் உனக்கு முதல்ல சொல்லிக்கொடுத்தது?” என்று கேளுங்கள். நான் கேட்டவரையில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெயரைச் சொன்னது. அந்தப் பெயருக்குரியவர்களின் வேலை நிலைக்க வேண்டும், அவர்கள் இல்லாத பள்ளிகளுக்கு அப்படி ஒருவர் வர வேண்டும். கலைப் பள்ளிக்கு நாம் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி அதுதான்.